பனியில் இரண்டரை மணித்தியாலம்

ஏஜக்ஸ், பிக்கரிங், விற்பி பக்கம் வீடு வாங்கி வந்து குடியிருக்கும் என் தமிழ்ச் சனத்துக்கு,

நான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே, நீங்கள் இருக்கும் இந்த ஊர்களில் பொலிஸ் வேலை செய்பவன். இது எனக்குப் பதினைந்தாவது பனிக்காலம். இந்த மடலை மேலிடம் சொல்லி எழுதவில்லை. ஒரு இரவு மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அது ஒரு மாசி மாதம். விடியப்புறம் நாலரை மணிக்கு வானொலியில் அழைப்பு வந்தது. எழுபத்தெட்டு வயது அம்மா, மறதி நோய், படுக்கையில் இல்லை. வெளியே மறை 19 பாகை. காற்றையும் சேர்த்தால் மறை 30. நான் போய் இறங்கியபோது வாசலில் நாலைந்து கார்கள். மருமகன், அவருடைய தம்பி, மச்சான்மார் எல்லாரும் ஜக்கெட்டும் கையுமாக நின்றார்கள். அம்மாவின் அறையில் போர்வை சுருண்டு கிடந்தது. குளிர்ச் சப்பாத்து வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ரப்பர் செருப்பைத்தான் காணவில்லை.

"எத்தினை மணிக்குக் கண்டனீங்கள்?"

"ரெண்டு மணி இருக்கும் தம்பி."

இரண்டு மணி. எங்களை அழைத்தது நாலரைக்கு. இடையிலே சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து, ட்ரைவ்வே முழுக்க நடந்து, தெருவில் கார் ஓட்டித் தேடியிருக்கிறார்கள். அன்று இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. அந்தப் புதுப் பனியில் செருப்புக்காலின் தடம் எழுதி வைத்ததுபோல் இருந்திருக்கும். தேடப் போன பாசமுள்ள கால்களே அந்த எழுத்தை அழித்துவிட்டன.

ஐந்து மணிக்குப் பிறகு அம்மாவைக் கண்டுபிடித்தோம். இரண்டு தெரு தள்ளி, கடிதப் பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், பனி வழிக்கும் வண்டி ஒதுக்கிவிட்ட குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தார். நான்தான் டோர்ச் அடித்தேன். வெளிச்சத்தைக் கண்டு ஒரு கையைத் தூக்கினார். பிறகு என் உடுப்பைக் கண்டார். மற்றக் கையையும் தூக்கிவிட்டுச் சொன்னார்: "ஐசி வீட்டில இருக்கு ராசா. எடுத்தந்து காட்டுறன்."

முப்பது வருசத்துக்கு முந்திய ஏதோ ஒரு காவலரணில், அடையாள அட்டை காட்ட அவர் அப்போது நின்றார். நான் முழங்காலில் இருந்து, "அம்மா, நான் தமிழ்" என்று சொன்னேன். அவருக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. உயிர் தப்பிவிட்டார். இடது காலில் மூன்று விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் மருமகனிடம், ஏன் உடனே கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். அழுதுகொண்டே சொன்னார்: "பொலிஸ் வந்தா அயலெல்லாம் தெரிஞ்சிடும். அம்மாவை வடிவாப் பாக்கேல்லை எண்டு எங்களிலை கேஸ் போட்டிடுவினமோ எண்டு பயந்திட்டம்."

இந்த மடல் அந்த இரண்டரை மணித்தியாலத்தைப் பற்றியது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அதில் பொலிஸ்காரருக்கு இருந்த பங்கைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் அப்பா எங்களை வளர்த்தார். சுற்றிவளைப்பு, ஆள்காட்டும் தலையாட்டி, பயங்கரவாதத் தடைச் சட்டம் எல்லாம் எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கிய சொற்கள். 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தால் நடந்துபோன இலட்சக்கணக்கான சனத்தில் எட்டு வயதுப் பிள்ளையாக நானும் ஒருவன். 1999 தை மாதம் நாங்கள் ஸ்காபரோவில் வந்து இறங்கினோம். அந்த மாதத்தில் ரொறன்ரோவில் ஒரு மீட்டருக்கும் மேலே பனி கொட்டியது. மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை உதவிக்குக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதன்முதலாக நான் பனியைக் கண்ட அந்தக் கிழமையிலேயே, பச்சை உடுப்போடு சிப்பாய்மார் சவல் பிடித்துப் பனி வழிப்பதையும் தொலைக்காட்சியில் கண்டேன். அம்மா எழும்பிப்போய் யன்னல் திரையை இழுத்து மூடினார். அவர்கள் வழி எடுத்துவிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்பா எவ்வளவு சொல்லியும், அன்று முழுக்க அந்தத் திரை திறக்கவில்லை.

நான் பொலிசில் சேரப்போகிறேன் என்று சொன்ன நாளிலும் அம்மா அப்படித்தான் எழும்பிப் போனார். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஆகவே பயப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் பயம் எங்களை ஒரு காலத்தில் உயிரோடு வைத்திருந்தது. ஆனால் இந்த ஊரில், இந்தக் குளிரில், அதே பயம் எங்கள் ஆட்களைச் சாகடிக்கப் பார்க்கிறது. அதை நான் என் கண்ணால் கண்டு வருகிறேன்.

நீங்கள் விட்டுவந்த ஸ்காபரோ மாடிக் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். குசினியில் மீன் பொரித்தால் நடைவழியில் நாலு பேருக்குத் தெரியும். லிஃப்டில் இரண்டு நாள் காணாவிட்டால் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டுவார். இங்கே அப்படி இல்லை. இரண்டு கார் நிற்கும் கராஜ், தானாக மூடும் கதவு, வளைந்து வளைந்து போகும் தெருக்கள். மார்கழியில் நாலே முக்காலுக்குக் கிட்டச் சூரியன் இறங்கிவிடும். வேலையால் வருகிறவர்கள் காரோடு கராஜுக்குள் போய்விடுகிறார்கள்; அதன் பிறகு தெருவில் ஒரு மனித முகம் இல்லை. நான் சில இரவுகளில் பன்னிரண்டு மணித்தியாலம் ரோந்து போய், நாய்க்கு நடை காட்டும் ஒருவரைத் தவிர வேறு யாரையும் காணாமல் திரும்பியிருக்கிறேன். பனி பெய்யும் புறநகரில் ஒருவர் விழுந்தால் விழுந்த சத்தம்கூடக் கேட்காது. பனி சத்தத்தையும் குடித்துவிடும்.

எங்கள் வேலையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். உடுப்புக்கு மேலே குண்டு துளைக்காத அங்கி, இடுப்புப் பட்டியில் கைத்துப்பாக்கி, விலங்கு, வானொலி, டோர்ச். எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும். அதற்கு மேலே குளிர் ஜக்கெட். தடித்த கையுறை போட்டால் ஒன்றையும் சரியாகப் பிடிக்க முடியாது. கழற்றினால் விரல் மரத்துவிடும். பேனை மை உறைந்துவிடுவதால் விபத்து நடந்த இடத்தில் நான் பென்சிலால்தான் குறிப்பு எழுதுவேன். பனி கொட்டும் நாளில் 401 நெடுஞ்சாலையை மாகாணப் பொலிஸ் மூடினால், அதில் போன அத்தனை வாகனமும் கிங்ஸ்ரன் றோட்டுக்கும் பேலி வீதிக்கும் இறங்கும். அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு இல்லை. ஒரு காரைப் பள்ளத்திலிருந்து எடுக்க முந்தி அடுத்தது இறங்கியிருக்கும்.

அப்படி ஒரு காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது எங்கள் முதுகு உங்கள் பக்கம் இருக்கிறது. வெளிச்சம் சுழலும் வாகனம் வீதியோரத்தில் நின்றால் வேகத்தைக் குறைத்து, இடமிருந்தால் ஒரு நிரை தள்ளிப் போகவேண்டும் என்பது ஒன்ராரியோச் சட்டம். மீறினால் முதல் தடவையே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், மூன்று புள்ளிகள். தண்டத்துக்காக இதைச் சொல்லவில்லை. பிளாக் ஐஸில் பிரேக்கை அழுத்திய காருக்கு நிற்கவும் தெரியாது, திரும்பவும் தெரியாது. அது நேராக எங்கள் மேல் வரும். நான் இரண்டு தடவை பள்ளத்துக்குள் பாய்ந்து தப்பியிருக்கிறேன். ஒன்றில், ஓட்டி வந்தவர் எங்கள் பொடியன். கோடை டயரோடு மாசியில் ஓட்டிக்கொண்டு வந்தான்.

ஒன்ராரியோவில் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை, கியூபெக்கில் கட்டாயம். கட்டாயம் இல்லையென்றதும் எங்கள் ஆட்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கிவிடும்; பனி விழவேண்டும் என்றுகூட இல்லை. குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் 2016 முதல் கட்டணக் கழிவு கொடுத்தாகவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இனி, மூடிய வீட்டுக்குள் நடப்பவை.

2013 மார்கழியில் வந்த பனிக்கட்டிப் புயல் பலருக்கு நினைவிருக்கும். மரக்கிளையெல்லாம் கண்ணாடிபோல் உறைந்து முறிந்து மின்கம்பிகளை அறுத்தது. நத்தார் நாளிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் வைத்து மூட்டியவர்கள் காபன் மொனொக்சைட்டில் மயங்கி விழுந்தார்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, ஓங்காளம், நித்திரை தூங்கல். காய்ச்சல் வருகிறதாக்கும் என்று எண்ணிப் படுத்தவர் எழும்பமாட்டார். எங்கள் சனத்துக்கு இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பிள்ளைகுட்டி, தாய் தகப்பன் எல்லாரையும் ஒரே அறைக்குள் வைத்து யன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்துக் காப்பாற்ற நினைப்போம். கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே காரை ஓடவிடாதீர்கள். பனிக்குள் கார் புதைந்துவிட்டால், எஞ்சினைப் போடமுந்தி இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுங்கள்.

இதைவிடக் கடினமான விசயம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடி விழும்போது வெளியே ஓட இடமில்லை. கோடையில் ஒரு பெண் முற்றத்துக்கு ஓடிவந்துவிடுவாள். தையில், வெறுங்காலோடு எங்கே ஓடுவது? பேஸ்மென்ட் படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணித்தியாலம் இருந்த ஒரு தங்கச்சியை நான் கண்டேன். கையில் போன் இருந்தது. "கூப்பிட்டா அவரை நாடு கடத்திப்போடுவினம் எண்டு மாமி சொன்னவ" என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் முழுதாக அறிந்திருப்பது நல்லது. ஒன்ராரியோவில் வீட்டு வன்முறை நடந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் நாங்கள் குற்றம் சாட்டியே ஆகவேண்டும். 'விட்டுவிடுவோம்' என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. பிறகு மனம் மாறி முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்று மனைவி சொன்னாலும் நடக்காது. அது அரச வழக்கறிஞரின் தீர்மானம். பெரும்பாலும் கணவர் வீட்டுக்கு வரக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வெளியே வருவார். பனி கொட்டும் இரவில் ஒரு பிளாஸ்டிக் பையில் உடுப்போடு ஒருவர் நண்பனின் வீட்டுக்கதவைத் தட்டும் காட்சி எனக்குப் பழகிப்போனது. வழக்குக்காகும் செலவும் சும்மா இல்லை. கனடாக் குடியுரிமை பெற்றவரை இந்த வழக்குக்காக நாடு கடத்த முடியாது. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்குக் குற்றத்தையும் தண்டனையின் அளவையும் பொறுத்து அந்த ஆபத்து உண்டு, உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கவேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்: கூப்பிடுங்கள். நீதிமன்றத்தில் முடியும் குடும்பச் சண்டையும் கண்டேன், மஞ்சள் நாடா கட்டிய வாசலில் முடிந்ததையும் கண்டேன். இரண்டாவதில் பேசித் தீர்க்க யாரும் மிஞ்சவில்லை. மாமிமாருக்கும் பெரியப்பாமாருக்கும் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பிள்ளையின் கையிலிருந்து போனைப் பறிக்காதீர்கள்.

மனம் நொந்து, தன்னை முடித்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இருட்டும் குளிரும் நீளும் மாதங்களில் அந்த அழைப்புகள் எங்களுக்குக் கூடுதலாக வருவதாகவே எனக்குப் படுகிறது. 2023 கார்த்திகை முடிவிலிருந்து கனடா முழுக்க 988 என்ற இலக்கம் இருக்கிறது. இரவும் பகலும் கதைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிராபத்து கண்முன்னே இல்லையென்றால் முதலில் அதைக் கூப்பிடுங்கள் என்று ஒரு பொலிஸ்காரனாகவே சொல்கிறேன். மனநலம் குன்றியவரிடம் ஆயுதத்தோடு பொலிஸ் போய்ப் பிழையாக முடிந்த சம்பவங்கள் இந்த நாட்டில் உண்டு. 2013இல் ரொறன்ரோ ட்ராம் வண்டிக்குள் சமி யதீம் என்ற பதினெட்டு வயதுப் பொடியனைச் சுட்ட கொன்ஸ்டபிள் பின்னர் கொலை முயற்சிக் குற்றவாளியாகக் காணப்பட்டார். இதை நான் மறைத்தால் இந்த மடலின் மற்ற வரிகளை நீங்கள் நம்பக்கூடாது. பொலிசின் கையால் மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால் விசாரிக்க 1990இலிருந்து பொலிசுக்கு வெளியே ஒரு சிறப்புப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. எங்கள் நடத்தையைப் பற்றி முறைப்பாடு செய்யத் தனி நிறுவனம் இருக்கிறது. ஊரில் எங்கள் தாய்மாருக்கு இப்படிப் போய்க் கேட்க ஒரு கதவு இருக்கவில்லை. இங்கே இருக்கிறது, என்னைப்பற்றி என்றாலும் போய்ச் சொல்லுங்கள்.

முதியவர்களிடம் திரும்பி வருகிறேன், மடல் தொடங்கியதே அவர்களால்தான். காணாமல் போனவரைப்பற்றி அறிவிக்க 24 மணித்தியாலம் பொறுக்கவேண்டும் என்று எங்கள் சனத்தில் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. காற்றுக்குளிர் மறை 28ஐத் தாண்டினால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். மறதி நோயுள்ளவர் வீட்டுக்குள் இல்லை என்று கண்ட கணத்திலேயே 911ஐ அழையுங்கள். ஒருவர் போனில் நிற்க, மற்றவர் கராஜ், பேஸ்மென்ட், பின்வளவு, காரின் பின்சீட் எல்லாம் பாருங்கள். வாசல் பனியில் கால் வைக்கமுந்தி ஒரு படம் எடுத்து, தடத்தை மிதிக்காமல் ஓரத்தால் போங்கள். அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் மோப்ப நாய் போகும். பொலிஸ் சேவைகள் பலவற்றில் இப்படியானவர்களின் படம், வழமையாகப் போகும் இடம், பேசும் மொழி எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. காசு இல்லை. ஒரு படிவம். பதிவதால் உங்கள்மேல் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

கண்டுபிடித்தவரைச் சூடாக்கும்போது கவனம். அம்மம்மா வழக்கப்படி நல்லெண்ணெய் போட்டு உரஞ்சக்கூடாது, கொதிநீர்ப் போத்தல் வைக்கக்கூடாது. உறைந்த தோலும் தசையும் மேலும் சேதமாகும். ஈரத்தைக் களைந்து, போர்வையால் சுற்றி, அம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். நடுக்கம் நின்றுவிட்டதென்று ஆறுதல் கொள்ளவேண்டாம். உடம்பு நடுங்கக்கூட வலுவிழந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

அழைக்கும்போது ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுப்பார்கள். இணைப்பைத் துண்டிக்கவேண்டாம், பிழையாக அழைத்துவிட்டாலும் 'பிழையாக அழைத்தோம்' என்று சொல்லிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் வந்து கதவைத் தட்டுவோம்.

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வெளியே வந்து உங்கள் வீட்டு இலக்கத்தைத் தெருவிலிருந்து பாருங்கள். அதன்மேல் பனி ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் தீயணைப்புக் குழாய் புதைந்து கிடந்தால் சவலால் வழித்துவிடுங்கள். வழித்த பனியை வீதியில் தள்ளாதீர்கள். வாசல் விளக்கு எரியட்டும். அன்று அந்த அம்மாவைத் தேடிப் போன இரவில் அந்தத் தெருவின் பதினெட்டு வீடுகளில் எனக்கு இலக்கம் தெரிந்தது நான்கு வீடுகளில்தான்.

இப்படிக்கு,
இந்தக் கிழமை இரவுக் கடமையில் இருக்கும்
உங்களில் ஒருவன்